டிவி வேண்டாமுங்க, மூணு வயசுப் பிள்ளைக வேணும்

ஒவ்வொரு வருசமும் ஜூன் பொறந்தா எனக்கு நாலஞ்சு போன் வரும். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு இப்ப சென்னை, பெங்களூர், ஒருத்தர் சிங்கப்பூர்னு நல்ல நிலைமையில இருக்கிற பங்காளிமாரும் மச்சான்மாரும்தான். "மாப்ள, நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஏதாச்சும் செய்யோணும். ஸ்மார்ட் டிவி வாங்கித் தரட்டுமா? பெயின்ட் அடிச்சுக் குடுக்கலாமா?" நல்ல மனசுதான், இல்லைங்கலை. ஆனா டிவி ஏற்கெனவே இருக்குதுங்க. பெயின்ட்டும் ரெண்டு வருசம் முன்னாடி அடிச்சாச்சு. ரயில் பெட்டி மாதிரி ஜன்னல், சக்கரம் எல்லாம் வரைஞ்சு அழகாத்தான் இருக்கு. ரயில்ல ஏறத்தான் ஆளில்லை.

ஒன்னாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் சேர்த்து மொத்தம் 19 பிள்ளைக. இந்த எண்ணைச் சொன்னதும் போன்ல அந்தப் பக்கம் ஒரு "ச்சொ" சத்தம் கேக்கும். அதுக்கு மேல யாரும் கேக்கறதில்லை. அந்த 19 பேரு யாரு, மத்தவங்க எங்க போனாங்கன்னு ஒருத்தர்கூட கேட்டதில்லைங்க. எனக்கு அதுதான் ஆத்திரம். அதனால நானே சொல்றேன்.

அந்த 19ல 11 பேர் காலனிப் பிள்ளைக. அருந்ததியர் வீட்டுக் குழந்தைக. 4 பேர் ஒடிசாவுல இருந்து நூல் மில்லு வேலைக்கு வந்து லைன் வீட்டுல குடியிருக்கிறவங்க பிள்ளைக. மிச்சம் 4 பேர்தான் நாங்க 'ஊரு'ன்னு சொல்ற பக்கத்துல இருந்து வர்றவங்க. நாலும் பொம்பளப் பிள்ளைக. அதுல மூணு பேரோட அண்ணனோ தம்பியோ காலையில மஞ்சள் வேன்ல இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போறான். ஒரே வீடு, ஒரே தட்டுல சோறு. பையனுக்கு டை, ஷூ, வேன் ஃபீஸ். பிள்ளைக்கு ரோட்டோரமா நடை. நாலாவது பிள்ளை என் மக. நாலாவது படிக்கிறா.

"இப்பெல்லாம் குழந்தைகளே பொறக்கறதில்லை, அதான் பள்ளிக்கூடம் காலியாகுது"ன்னு ஒரு விளக்கம் எல்லார் வாயிலயும் இருக்கு. அது முழுப் பொய்யின்னு சொல்ல மாட்டேன். 2020ஆம் வருசத்து மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்குச் சராசரியா 1.4 குழந்தைதான். ஆனா எங்க ஊருக்கு வந்து, காலையில எட்டு மணிக்கு மாரியம்மன் கோயில் முக்குல நில்லுங்க. நாலு வேன் வரும். ஒரு நாள் பால் ஊத்திட்டுத் திரும்பும்போது நின்னு எண்ணினேன். அஞ்சாவதுக்கு உட்பட்ட பசங்க மட்டும் 52 பேர் ஏறினாங்க. நான் ஒன்னாவது சேர்ந்த 1985ல இதே பள்ளிக்கூடத்துல நூத்தி நாப்பது பேருக்கு மேல இருந்தோம். 140 எப்படி 71 ஆச்சுங்கிறதுக்குப் பிறப்பு விகிதம் பதில் சொல்லும். 71 எப்படி 19 ஆச்சுங்கிறதுக்குச் சொல்லாதுங்க.

அதுக்கு எங்க ஊர்க்காரங்ககிட்ட ஒரே சொல்லுல பதில் இருக்கு. 'ஸ்டேண்டர்டு.' "அங்க ஸ்டேண்டர்டு இல்லைங்க." நானும் பல வருசமா கேட்டுப் பாக்கிறேன், எது ஸ்டேண்டர்டு இல்லைன்னு. டீச்சர் சரியில்லையா? ரெண்டு பேருமே படிச்சு, பரீட்சை எழுதி, வேலைக்கு வந்தவங்க. வேன் போற ஸ்கூல்ல பாதி டீச்சருக்கு என்ன சம்பளம்னு கேட்டா அழுகையே வரும். இங்கிலீஷ் வேணுமா? 2012-13ல இருந்தே அரசுப் பள்ளிகள்ல ஆங்கில வழி வகுப்பு ஆரம்பிச்சாச்சு. சாப்பாடு? மதியம் முட்டையோட சத்துணவு, 2023 ஆகஸ்ட்ல இருந்து கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாத்துலயும் காலைச் சிற்றுண்டி. இப்படி ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே போனா, கடைசியில குரலைத் தாழ்த்திச் சொல்லுவாங்க: "அதில்லைங்க, எல்லாரும் அந்தப் பசங்களாவே இருக்காங்கல்ல." எங்க ஊர் அகராதியில 'ஸ்டேண்டர்டு'க்கு அர்த்தம் இதுதான். காலனிப் பையன் பக்கத்துல என் பேரன் உக்காரக்கூடாது. முன்னாடி நேராவே சொன்னாங்க, இப்ப இங்கிலீஷ்ல சொல்றாங்க.

நான் கற்பனை பண்ணிப் பேசலை. 2018 ஜூலையில, அவிநாசிக்குப் பக்கத்துல திருமலைக்கவுண்டன்பாளையத்துல, பள்ளிக்கூடத்துச் சமையலுக்கு அருந்ததியர் பெண் ஒருத்தர் வந்ததும் எதிர்ப்பு கிளம்பி, அந்தம்மாவை வேற ஊருக்கு மாத்தினாங்க. அப்புறம் போராட்டம் நடந்து, அந்த உத்தரவைத் திரும்ப வாங்கினாங்க, வழக்கும் பதிவாச்சு. பேப்பர்ல நீங்களும் படிச்சிருப்பீங்க. அந்த மாதிரி சண்டை எங்க ஊர்ல வரலை. ஏன் வரலைன்னா, சண்டை போட வேண்டிய வீட்டுப் பிள்ளைக எல்லாம் ஏற்கெனவே வேன் ஏறிப் போயாச்சு.

அந்தக் காலம் பொற்காலம்னு ஒரு பேச்சு உங்க வாட்ஸ்அப் குரூப்புல ஓடும். மரத்தடி, மணியோசை, வாத்தியார் பிரம்பு. அதையும் கொஞ்சம் நிறுத்துங்க. 1985ல எங்க வகுப்புல காலனிப் பசங்க கடைசி வரிசைதான். பானைத் தண்ணியை அவங்களா மோந்து குடிக்க முடியாது, நாங்க மேல இருந்து ஊத்தணும். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, உங்களுக்கும் இருக்கும். அதுல பெருமைப்பட ஒண்ணுமில்லை. ஆனா ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தோம். அந்தக் கூரை ஒழுகினா கவுண்டர் வீட்டுப் பையன் தலையிலயும் சொட்டும். ஒரு ஐப்பசி மழையில ஓடு சரிஞ்சு விழுந்தப்ப, மணியகாரர் வீட்டு அம்பாசிடர் யூனியன் ஆபீசுக்குப் போச்சு. அடுத்த வாரமே ஆளு வந்து ஓடு மாத்தினாங்க. மணியகாரர் பேரனும் அங்கதான படிச்சான்?

இப்ப என்ன நடக்குதுன்னு பாருங்க. ரெண்டு வருசம் முன்னாடி பள்ளிக்கூடத்து போர் மோட்டார் எரிஞ்சு போச்சு. மனு குடுத்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவுல நான் ஒரு உறுப்பினர், நானே ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். அஞ்சு மாசம் ஆச்சு. அந்த அஞ்சு மாசமும் பக்கத்துத் தொட்டியில இருந்து குடத்துல தண்ணி கொண்டாந்தது அந்த 19 பிள்ளைகதான். ஊர்ல பேச்சு எடுபடற ஒரு வீட்டுப் பிள்ளையாவது கூட அங்க இருந்திருந்தா அஞ்சு நாள்ல வேலை முடிஞ்சிருக்கும். காலனிக்காரர் போய் நின்னா ஆபீசுல "அப்புறம் வா". மில்லுக்காரர் போகவே மாட்டார், பாஷையும் தெரியாது, லீவும் கிடையாது. எண்ணிக்கை குறையறதைவிட ஆபத்து இதுதாங்க. கேக்க நாதியில்லாத பிள்ளைக மட்டும் மிஞ்சற இடத்துல எந்த வேலையும் நடக்காது. வேலை நடக்காததைக் காட்டி "பாத்தீங்களா, ஸ்டேண்டர்டு இல்லை"ம்பாங்க. இன்னும் ரெண்டு பிள்ளை போகும்.

காலனியிலயும் கொஞ்சம் வசதி வந்த குடும்பம் வேன் ஏத்தத்தான் செய்யுது. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மட்டை மில்லுக்குப் போற ஒரு தங்கச்சி என்கிட்டச் சொல்லுச்சு: "அண்ணா, எங்களைத் தள்ளி வெச்ச பள்ளிக்கூடத்துல இப்ப நாங்க மட்டும் இருக்கோம். அதுக்கு நாங்க சந்தோசப்படணுமாங்க?" என்னால பதில் பேச முடியலை.

சரி, இந்தப் பிரிப்பு எப்ப நடக்குது? இதுதான் முக்கியம். ஒன்னாவது சேர்க்கிற அஞ்சு வயசுல நடக்கலைங்க. மூணு வயசுலயே முடிஞ்சுடுது. தனியார் பள்ளிக்காரங்க மூணு வயசுப் பிள்ளையை எல்கேஜிக்குக் கூட்டிட்டுப் போயிடறாங்க. எங்க ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளி அஞ்சு வயசு முடியட்டும்னு வாசலைத் திறந்து வெச்சுக் காத்துக்கிட்டு இருக்கும். ரெண்டு வருசம் டை கட்டிப் போன பிள்ளையை, ஒன்னாவதுக்குத் திருப்பி இங்க கொண்டாந்து விட எந்த அம்மாவுக்கு மனசு வரும்? பந்தயம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தோத்தாச்சு.

அங்கன்வாடி இருக்குதே, அங்க விடலாமேன்னு கேப்பீங்க. இருக்குது. பணியாளர் ஒருத்தர், உதவியாளர் ஒருத்தர். எடை போடணும், சத்துமாவு குடுக்கணும், கர்ப்பிணிகளைப் பாக்கணும், போன்ல பதிவு ஏத்தணும். இடையில பாட்டும் சொல்லிக் குடுக்கறாங்க, பாவம். 2019ல அரசு 2,381 அங்கன்வாடிகள்ல எல்கேஜி, யூகேஜி ஆரம்பிச்சுது. நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருக்கிற அங்கன்வாடிக்குத்தான் அந்த யோகம். தொடக்கப் பள்ளி மட்டும் இருக்கிற எங்க ஊர் மாதிரிச் சின்ன ஊருக்குக் கிடைக்கலை. 2022ல அதையும் நிறுத்தப் பாத்து, சத்தம் கிளம்பினதும் தொடரும்னு அறிவிச்சாங்க. சென்னையில இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், உங்க மாநகராட்சிப் பள்ளிகள்ல எல்கேஜி பல வருசமா நடக்குது. அங்க முடியறது இங்க ஏன் முடியாது? மூணு வயசுங்கிறது சென்னையில ஒண்ணு, எங்க ஊர்ல ஒண்ணா?

இதுக்கு மேல ஒரு கூத்து இருக்கு. கல்வி உரிமைச் சட்டம், 2009. தனியார் பள்ளிகள்ல நுழைவு வகுப்புல 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும். ஃபீஸை அரசாங்கம் கட்டிடும். நல்ல எண்ணத்துல போட்ட சட்டம். ஆனா நுழைவு வகுப்புங்கிறது இங்க பெரும்பாலும் எல்கேஜி. அப்ப நடக்கிறது என்ன? அரசாங்கம் தன் பள்ளிக்கூடத்துல எல்கேஜி வைக்காது. பக்கத்துத் தனியார் பள்ளி எல்கேஜிக்குத் தானே பணம் கட்டி அனுப்பும். அப்புறம் "எங்க பள்ளியில பிள்ளைக சேரலையே"ன்னு வருத்தப்பட்டு, சேர்க்கைப் பேரணிக்கு டீச்சரை வெயில்ல நடக்க விடும். சொந்தத் தோட்டத்து வாய்க்காலை அடைச்சுட்டு, பக்கத்துத் தோட்டத்துக்கு மடை திறந்து விட்டவன், என் மஞ்சள் காயுதேன்னு அழுத கதைதான்.

அப்ப அந்த 25 சதவீதத்தை எடுத்துடலாமான்னா, அவசரப்படாதீங்க. கர்நாடகாவுல அதைத்தான் செஞ்சாங்க. பக்கத்துல அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தா தனியார் பள்ளியில இந்த இடம் கிடையாதுன்னு 2018 கடைசியில விதியை மாத்தி, 2019ல உயர் நீதிமன்றமும் அது சரின்னு சொல்லிடுச்சு. மகாராஷ்டிரா 2024ல அதே மாதிரி செய்யப் போக, பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. எனக்கு பம்பாய் தீர்ப்புதான் நியாயமாப் படுது. பணம் இருக்கிறவன் வேன் அப்படியே ஓடும், காலனிப் பிள்ளையோட வழி மட்டும் அடைபடும்னா அதுக்குப் பேரு சீர்திருத்தமா? முதல்ல இங்க எல்கேஜியைத் திறக்கணும், அதுக்குன்னு படிச்ச டீச்சரைப் போடணும். அதுக்கப்புறம் எந்தச் சட்டத்தை வேணும்னாலும் பேசிக்கலாம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குன்னு வந்த நல்ல திட்டங்களைப் பாருங்க. 2020ல மருத்துவப் படிப்புக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2022ல புதுமைப் பெண், 2024ல தமிழ்ப் புதல்வன், மாசம் ஆயிரம் ரூபாய். எல்லாத்துக்கும் கைதட்டறவன் நான். ஆனா எல்லாமே ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும்னுதான் கேக்குது. ஊர்க்காரன் கணக்குல கெட்டி. அஞ்சாவது வரைக்கும் வேன், ஆறாவதுக்கு டவுன் அரசு மேல்நிலைப் பள்ளி. அங்க கூட்டம் நிறைய, சீட்டு கிடைக்கச் சிபாரிசு தேடறவங்களும் இருக்காங்க. தொடக்கப் பள்ளி மட்டும் அனாதை. பேரு என்னவோ தொடக்கம், ஆனா எதுவும் அங்க இருந்து தொடங்கறதில்லை.

உள்ள இருக்கிற 19 பேருக்கு என்ன நடக்குதுன்னும் சொல்லணும். சட்டப்படி 60 பிள்ளைக வரைக்கும் ரெண்டு ஆசிரியர். கணக்குல பாத்தா பத்துப் பிள்ளைக்கு ஒரு டீச்சர், எந்தப் பணக்காரப் பள்ளியிலயும் கிடைக்காத விகிதம். ஆனா வகுப்பு அஞ்சுங்க. ஒரு டீச்சர் ஒன்னு, ரெண்டு, மூணைச் சேர்த்து 'எண்ணும் எழுத்தும்' நடத்தறாங்க, அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு. தலைமையாசிரியர் நாலும் அஞ்சும். அவருக்குக் கூட்டம், பயிற்சி, வாக்காளர் பட்டியல் வேலை, எமிஸ்ல ஏத்தறதுன்னு ஏதாவது வந்துட்டா, அன்னைக்கு அஞ்சு வகுப்புக்கும் ஒரே ஆள். என் மக பல நாள் ஒன்னாவதுக்கு 'அ' எழுதச் சொல்லிக் குடுத்துட்டு வர்றா. அவளுக்கு அது பெருமை. எனக்கு வயிறு எரியுது.

ஒடிசாப் பிள்ளைக கதை தனி. மூணாவதுல ஒரு குட்டி இருக்குது. வந்த நாலு மாசத்துல எங்க கொங்குத் தமிழை 'ஏனுங்க, வாங்க'ன்னு அச்சு அசலாப் பேச ஆரம்பிச்சுடுச்சு. புதுசா சேர்ற பிள்ளைகளுக்கு டீச்சர் சொல்றதை அதுதான் ஒடியாவுல சொல்லும். எட்டு வயசு மொழிபெயர்ப்பாளர், சம்பளம் ஒரு முட்டை. இவங்க மில்லுக் குடும்பம், வருசம் முழுக்க இங்கயே இருக்காங்க. செங்கல் சூளைக்கு வர்றவங்க கார்த்திகை, மார்கழியில வருவாங்க, மழைக்கு முன்னாடி கிளம்பிடுவாங்க. அந்தக் குடும்பத்துப் பிள்ளைக சேந்தா தை மாசம் எண்ணிக்கை 27, 28 ஆகும். ஆனா ஆசிரியர் பணியிடக் கணக்கு ஆகஸ்ட் 1 நிலவரப்படிதான் எடுப்பாங்க. ஆகஸ்ட்ல அவங்க இருக்க மாட்டாங்க. உங்க அபார்ட்மென்ட் செங்கல்லுல அவங்க அப்பன் கை இருக்கு, பள்ளிக்கூடத்துக் கணக்குல அந்தப் பிள்ளை பேரு இல்லை.

2015ல அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. அரசுச் சம்பளம் வாங்கறவங்க, பதவியில இருக்கிறவங்க எல்லாரும் தங்க பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியிலதான் சேர்க்கணும்னு. நாடு பூரா கைதட்டுச்சு, நடைமுறைக்குத்தான் வரலை. அது கட்டாயப்படுத்தி நடக்கற காரியமான்னு எனக்கும் சந்தேகம்தான். ஆனா நோயை அந்த நீதிபதி சரியாக் கண்டுபிடிச்சார். அதிகாரம் இருக்கிறவன் பிள்ளை எங்க உக்காருதோ அங்கதான் பெஞ்சு உடையாம இருக்கும்.

இப்ப உங்ககிட்ட வர்றேன். ஊர்ல இருக்கிற உங்க தம்பி மகனை வேன் ஸ்கூல்ல போடச் சொன்னது யாரு? பாதி வீட்டுல நீங்கதாங்க. "அங்கெல்லாம் போடாதடா, ஃபீஸை நான் பாத்துக்கறேன்." தம்பி பாசம், தப்பில்லை. ஆனா ஒரு கையில அந்த ஃபீஸைக் கட்டிட்டு, இன்னொரு கையில காலியான பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை அனுப்பினா அது என்ன கணக்கு? என் மகளை அங்க சேர்த்தப்ப என் மாமன் கேட்டது இன்னும் காதுல இருக்கு: "ஏங்கண்ணு, மஞ்சளுக்கு இந்த வருசமும் விலை இல்லையா?" அரசுப் பள்ளின்னா அது தரித்திரத்தோட அடையாளம்னு எங்க ஊர் முடிவு பண்ணினதுல, பொங்கலுக்கு கார்ல வந்து "பையன் எந்த ஸ்கூல்?"னு விசாரிக்கற உங்களுக்கும் பங்கு இருக்கு.

பிள்ளைகளைக் கொண்டாந்து இங்க விடுங்கன்னு கேக்க மாட்டேன், முடியாத காரியம். நான் கேக்கறது, எங்க தொடக்கப் பள்ளி வளாகத்துல ஒரு எல்கேஜி, அதுக்கு முழுச் சம்பளத்துல ஒரு டீச்சர். ஊர், காலனி, லைன் வீடு மூணையும் சுத்தி வர ஒரு வண்டி. வேன் வாசலுக்கு வர்றதுங்கிறது சின்ன விஷயமில்லைங்க. ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போற அம்மாவுக்கு அதுதான் பள்ளிக்கூடம். டிவிக்கு வெச்ச காசுல அந்த வண்டிக்கு ஒரு வருச டீசலும் டிரைவர் சம்பளத்துல பாதியும் வந்துடும், நான் கணக்குப் போட்டுட்டேன். டீச்சர் மட்டும் காசு குடுத்து வாங்கற பொருள் இல்லை. அது அரசாங்கம் தர வேண்டியது. எம்எல்ஏகிட்ட நாங்க கேட்டா ஒரு மரியாதை, சென்னையில இருந்து நாப்பது பேர் எழுதிக் கேட்டா வேற மரியாதை. அந்த வித்தியாசத்தை உபயோகப்படுத்தத்தான் உங்களைக் கூப்பிடறேன்.

மே 1 கிராம சபையில இதைத் தீர்மானமா வைக்கறோம். மாரியம்மன் கோயில் அரசமரத்தடி, காலையில 11 மணி. ஓட்டு இன்னும் ஊர்லயே வெச்சிருக்கிறவங்க நிறையப் பேர் இருக்கீங்க, அன்னைக்கு லீவும்தான். வந்து கையெழுத்துப் போடுங்க. அங்கன்வாடியில கேட்டேன், அடுத்த ஜூனுக்கு மூணு வயசு முடியற பிள்ளைக எங்க ஊர்ல 14 பேர். அதுல ஆறு வீட்டுக்கு வேன்காரர் ஏற்கெனவே வந்து பேசிட்டுப் போயிட்டார்.